சங்கரதாசரும் நாடகத் தமிழும்

பழங்காலந்தொட்டு நாடகம் விழாக்களை ஒட்டியே வளர்ந்துள்ளது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டு ஏதென்சு நகரில், தயோனிசசு என்னும் தெய்வத்தின் விழாவில் துன்பியல் நாடகங்கள் நடைபெற்றன. தொடக்கத்தில் பாடற்குழுவினருடன் ஒரே நடிகர் உரையாடினார். ஈசுகைலசு இரண்டாம் நடிகரையும், சாபக்கிளீசு மூன்றாம் நடிகரையும் சேர்த்தனர். யூரிப்பிடீசு மாந்தர் உள்ளத்துப் போராட்டங்களை நுட்பமாகக் காட்டினார். இங்ஙனம் புலவர் கைப்பட்டு, விழாக் கூத்து இலக்கியமாக உயர்ந்தது.

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கோயில் விழா என்றால் இரவெல்லாம் கூத்து நிகழும். ஆயினும், நடிகர் பலர் மேடையில் தம் மனம் போனவாறு பேசினமையால், நாடகம் வரம்பிழந்து நின்றது. இக்குறையைப் போக்க முன்வந்தவர் சங்கரதாச சுவாமிகள். அவர் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தமிழ்ப் புலமை நிரம்பிய அவர், முதலில் நடிகராகவும், பின்னர் நாடக ஆசிரியராகவும் விளங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை இயற்றினார். மதுரையில் கொலையுண்ட கோவலன் கதையையும் நாடகமாக்கினார். பாடலோடு உரையாடலையும் அவரே வரையறுத்து எழுதினார்.

எழுதிய பாடத்தை வழுவாமல் நடிப்பவர் வேண்டுமன்றோ? அதற்குச் சிறுவரைப் பயிற்றுதலே தக்க வழி எனக் கொண்டு, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபாவில் அவரிடம் பயின்றவர்களே. சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

திரைப்படம் பரவியபின் நாடகக் குழுக்கள் பல கலைந்தன. எனினும், மதுரை வட்டாரத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' இன்றும் நடைபெறுகின்றது. வெவ்வேறூர் நடிகர்கள் தனித்தனியே அழைக்கப்பெற்று, ஒத்திகையின்றி மேடையிலேயே ஒன்றுகூடுவர். முன்பின் அறியாத இருவர், வள்ளியும் முருகனுமாக நின்று விடியுமளவும் வாதிடுவர். அது எங்ஙனம் இயலும்? சுவாமிகளின் பாடம் இருவர் நெஞ்சிலும் பதிந்திருத்தலால் இயலும். நடிகர் தம் கற்பனையைச் சேர்த்துக்கொள்ளினும், அப்பாடமே நாடகத்தை வழிநடத்தும்.

விழாக் காலம் கழிந்தால் அந்நடிகர்க்கு வருவாய் அரிது. ஊரார் மதிப்பும் குறைவே. அவர் நலிந்து தொழிலைக் கைவிடின், நெஞ்சிற் பதிந்த பாடமும் உடன் அழியும். ஏட்டிலுள்ள நாடகத்தைக் காத்தால் மட்டும் போதாது. அதனை ஆடுவோரையும் மதித்துப் போற்றுதல் நம் கடமையாகும்.