ஓர் எம்.பி. நினைத்தால் வெளியுறவுக் கொள்கை மாறுமா?

2019 டிசம்பரில் வாஷிங்டன் சென்ற வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழுவினருடனான சந்திப்பை ரத்து செய்தார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் அதில் பங்கேற்க இருந்ததே காரணம். சியாட்டிலில் வென்ற அவர், காஷ்மீரில் தகவல் தொடர்புத் தடையை விலக்கவும் காவலில் இருப்பவர்களை விடுவிக்கவும் கோரும் தீர்மானத்தை அம்மாதம்தான் கொண்டுவந்திருந்தார்.

தீர்மானம் நிறைவேறவில்லை. 2023 ஜூனில், மோடியிடம் மனித உரிமை பற்றிப் பேசுமாறு அதிபர் பைடனுக்கு அவரும் செனட்டர் வான் ஹாலனும் முன்னின்று எழுதிய கடிதத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டனர். ஆனாலும் மோடிக்கான அரசு விருந்து தடபுடலாகவே நடந்தது.

கடிதத்தை ஒதுக்கிவிடலாம், நிதிச் சட்டத்தை அப்படி ஒதுக்க முடியாது. செனட்டர் பேட்ரிக் லேஹி 1997இல் கொண்டுவந்த விதி அதற்குச் சான்று. கொலை, சித்திரவதை போன்ற கொடுமைகளில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள வெளிநாட்டுப் படைப்பிரிவுக்கு அமெரிக்க உதவி கிடையாது. பயிற்சிக்கு வருபவரின் பெயரையும் அவருடைய படைப்பிரிவையும் தூதரகம் முதலில் சரிபார்க்க வேண்டும். நட்பு நாடு என்றால் இந்த விதி தளர்கிறது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் கேள்வி கேட்கக் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

ஏனாத்தூர் வாக்காளர் அனுப்பும் காஞ்சிபுரம் எம்.பி.யிடம் அப்படி எதுவும் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு இங்கே நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. தனிநபர் மசோதா கொண்டுவரலாம். 1970க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை.

2012 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்கால் ரணம் ஆறாத நிலையில், இலங்கை விமானப்படையினருக்குத் தாம்பரத்தில் பயிற்சி. முதல்வர் ஜெயலலிதா கொதித்தெழுந்தார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலஹங்காவுக்கு மாற்றியது. பயிற்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது. 2013 மார்ச்சில் 18 எம்.பி.க்கள் கொண்ட திமுக, இலங்கைப் பிரச்சினைக்காக மத்திய ஆளும் கூட்டணியை விட்டு விலகியது. இரண்டு நாளில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. மறு ஆண்டே வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

கூட்டணிக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த நாட்டின் எந்தப் படைப்பிரிவுக்குப் பயிற்சி தருகிறோம், அதன்மேல் என்ன புகார் இருக்கிறது என்பதை அரசு அவையில் வைத்தாக வேண்டும் என்ற சட்டம் நமக்கு வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதையும் கேளுங்கள்.