கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு தங்கராஜ்!

கூடலூர், கம்பம் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானங்களில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்டு. சுமாராக ஓடுகிறவன் பின்னால். ஓடவே வராதவன் கோல்கீப்பர்! பத்து பந்தைத் தடுத்தாலும் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒன்றை விட்டால் போதும், சாயங்காலம் வரை திட்டு விழும்.

ஆனால், இந்தியா கண்ட தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரும் முதலில் கோல் அடிக்க நினைத்தவர்தான். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ்.

1935 டிசம்பரில் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் இடம் வெலிங்டன். நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறதல்லவா, அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரெஜிமென்ட் அணியில் சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கிய தங்கராஜ், பிறகு கோல் காக்கப் போனார். ஆறடியைத் தாண்டிய உயரமும் நீண்ட கைகளும் அங்கேதான் உதவின. 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பை மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வந்தது.

அரை விநாடி வேலை

கோல்கீப்பர் காக்க வேண்டிய இடம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பெனால்டி அடிக்கும் புள்ளி 11 மீட்டர் தூரத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. பார்த்துவிட்டுப் பாயலாம் என்றால் முடியாது. அடிப்பவரின் இடுப்பு, ஊன்றிய கால், தோள் இவற்றை வைத்துப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். இன்றைக்கு இருப்பது போல பந்து ஒட்டிக்கொள்ளும் கையுறை அன்று கிடையாது. மழை பெய்தால் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.

அந்தக் காலத்தில்தான் 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளில் தங்கராஜ் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயரும் கிடைத்தது.

அவர் வாழ்வின் பெரிய நாள், 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே, முதல் சுற்றில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த தென் கொரியா. அரங்கத்தில் இருந்த கூட்டமோ இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. தலையில் தையலோடு ஜர்னைல் சிங் இறங்கினார். ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ் எழுந்து வந்து கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். பி.கே.பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கு ஒரு கோல் அடிக்க, கடைசி நேரத்தில்தான் கொரியாவால் ஒன்று போட முடிந்தது. 2-1. தங்கம்! கால்பந்தில் ஆசியத் தங்கம் அதற்குப் பிறகு இன்று வரை இந்தியாவுக்கு வரவில்லை.

கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடிய தங்கராஜுக்கு 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

35 வயதுக்குப் பிறகு?

1971-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு 35 வயது. மற்ற வேலைகளில் அது தலையெடுக்கும் வயது. விளையாட்டுக்காரருக்கோ, 'இனி என்ன?' என்ற கேள்வி எழும் வயது.

தங்கராஜ் கற்றுக்கொடுக்கப் போனார். கோவாவின் வாஸ்கோ கிளப், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், பிறகு உருக்காலை நகரமான பொக்காரோ என்று அவருடைய பயிற்சிப் பயணம் நீண்டது. 2008 நவம்பரில் பொக்காரோவிலேயே காலமானார். கோல் காத்த வருடங்களைவிட, அதற்குப் பிறகு வாழ்ந்த 37 வருடங்கள்தான் அதிகம்.

எல்லோருக்கும் அந்தக் காலம் வாய்ப்பதில்லை. மலேசியாவின் தமிழர் ஆர்.ஆறுமுகத்தை ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தார்கள். 1980-ல் தென் கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்கீப்பர் அவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கும் வயது 35.

கோல்கீப்பர்களில் நல்ல ஆசிரியர்கள் உருவாவதில் ஆச்சரியம் இல்லை. மற்றவர்கள் பந்தின் பின்னால் ஓடும்போது, முழு மைதானத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர் ஒருவர்தான். யார் இடம் மாறி நிற்கிறார், எங்கே ஓட்டை விழுகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் அவர் வேலை. இத்தாலியின் டினோ ஸோஃப் 40 வயதில் கேப்டனாக 1982 உலகக் கோப்பையை வாங்கினார். பிறகு பயிற்சியாளராக, 2000 யூரோ கோப்பையின் இறுதி ஆட்டம் வரை இத்தாலியை அழைத்துப் போனார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை, "என்னைக் கோல்கீப்பரா நிறுத்திட்டாங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், திட்டிவிடாதீர்கள். ஆறுதலும் சொல்ல வேண்டாம். "எத்தனை பந்து தடுத்தே?" என்று கேளுங்கள். அந்தக் கணக்கைக் கேட்கத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.