வார்ப்பிரும்பு ரேடியேட்டர் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

லண்டனின் பழைய வீடுகளில் சிலர் மெல்லிய எஃகு ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களைப் பொருத்துகிறார்கள். எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும் பாய்லரை அணைத்து வெகுநேரம் கழித்துத் தொட்டாலும் வார்ப்பிரும்பில் வெதுவெதுப்பு இருக்கும். ஏன்?

உலோகத்தில் தனி மாயம் ஏதுமில்லை. ஒரு கிலோ வார்ப்பிரும்பும் ஒரு கிலோ எஃகும் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைத்தான் பிடித்துவைக்கும். வேறுபாடு எடையில் இருக்கிறது. வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குத் தடித்த சுவர், பருத்த தூண்கள், உள்ளே கூடுதல் தண்ணீர். தண்ணீரோ, எடைக்கு எடை, இரும்பைவிடச் சுமார் 9 மடங்கு வெப்பம் கொள்ளும். அடுப்பை அணைத்த பிறகும் கனத்த தோசைக்கல் சுடுகிறதே, அதே கதைதான்.

ஆனால் மெல்ல ஆறுவது மெல்லத்தான் சூடேறும். காலையில் அரைமணி நேரம் மட்டும் வெப்பம் வேண்டுவோருக்கு இது ஒத்துவராது. எரிவாயுச் செலவு தானாகக் குறையும் என்பதும் தவறு. சுவர், ஜன்னல் வழியே வெளியேறும் வெப்பத்தை எந்த ரேடியேட்டரும் தடுக்காது.

வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். அது வெப்பக் கதிர்வீச்சைக் குறைத்துவிடும். மரப்பலகைத் தரையென்றால், வாங்குமுன் அதன் வலுவைச் சோதியுங்கள். தண்ணீர் நிரம்பிய பெரிய ரேடியேட்டர் 100 கிலோவைத் தாண்டும்.