மொபைல் பேட்டரி ஏன் உப்புகிறது?

அடிவாரத்தில் காரவள்ளியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருவதற்குள் பலூன் போல உப்பிவிடும். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். செம்மேட்டில் என்னிடம் சந்தேகம் கேட்கும் சிலர், மொபைல் பேட்டரி உப்புவதற்கும் மலையின் உயரம்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. சிப்ஸ் பாக்கெட்டை நாமக்கல்லுக்குக் கொண்டு போனால் பழையபடி சுருங்கும். பேட்டரி சுருங்காது. அதற்குள் புதிதாக வாயு உருவாகியிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

இன்றைய மொபைல், லேப்டாப் இரண்டிலும் இருப்பது லித்தியம் அயன் வகை பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பாசிட்டிவ், நெகட்டிவ் என இரு தகடுகள். அவை தொடாமல் இருக்க நடுவே மெல்லிய தடுப்பு. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். அதிக சூடு, அளவு மீறிய சார்ஜ், வயது ஆகியவற்றால் இந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. உறை உப்புகிறது, திரை மேலெழும்புகிறது.

நடுத் தடுப்பு கிழிந்தாலோ உருகினாலோ தகடுகள் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூடு மேலும் சூட்டை உண்டாக்கி, புகையும் தீயும் வரலாம்.

2016ல் நடந்தது

2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், சாம்சங் நோட் 2 போன் ஒன்று மேல் பெட்டியில் புகைந்தது. ஊழியர்கள் தீயணைப்பானைப் பயன்படுத்தி, பிறகு போனைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. அதே ஆண்டு கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பற்றியதால், அக்டோபரில் அந்த மாடலின் உற்பத்தியே நின்றது. பேட்டரித் தயாரிப்பில் இருந்த குறைகளே காரணம் என்று 2017 ஜனவரியில் சாம்சங் அறிவித்தது. ஆக, தவறு எப்போதும் உபயோகிப்பவருடையது அல்ல.

நாம் செய்ய வேண்டியவை

எங்கள் மலையில் பல இடங்களில் டவர் சரியாகக் கிடைக்காது. அப்போது போன் அதிக சக்தி செலவழித்து சிக்னல் தேடும், சூடாகும். அந்த நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டே வீடியோவும் பார்த்தால் சூடு இன்னும் ஏறும். சிக்னலே இல்லாத இடத்தில் ஏரோப்ளேன் மோடில் வையுங்கள்.

தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். புது பேட்டரி வாங்கும்போது ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி உப்பிவிட்டதா? உடனே சார்ஜரைக் கழற்றி, போனை அணைத்துவிடுங்கள். அழுத்தவோ, ஊசியால் குத்தவோ வேண்டாம், குத்தினால் தீப்பிடிக்கலாம். துணி, காகிதம் இல்லாத சிமெண்ட் தரையில் வைத்து, பிறகு சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். குப்பையில் போடாதீர்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகள் திரும்பச் சேகரிக்கப்படுவதற்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு.

புகை வந்தால் அருகில் நிற்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றி 101 அல்லது 112க்கு அழையுங்கள். போன் இன்னும் வேலை செய்கிறதே என்று உப்பிய பேட்டரியுடன் ஒரு நாள் கூட ஓட்ட வேண்டாம். போட்டோக்களை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைத்திருந்தால், போனை அணைக்கத் தயக்கம் வராது.