தந்தையின் மடியில் ஒரு படப்புத்தகம்

பழனியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு கடந்தால் ஆயக்குடி. கொய்யாப் பழத்தால் பெயர் பெற்ற ஊர். விடியற்காலையிலேயே தோட்டங்களிலிருந்து கூடை கூடையாகப் பழம் சந்தைக்கு வந்து சேரும். பொழுது ஏறுமுன் அது வெளியூர் வண்டிகளில் ஏறியாக வேண்டும். எனவே இங்குள்ள தந்தையர் பலருடைய நாள் இருட்டோடு தொடங்கிவிடுகிறது. பிள்ளை கண் விழிக்கும்போது அவர் வீட்டில் இல்லை; மாலையில் திரும்பும்போதோ உடல் ஓய்வை நாடுகிறது. பிள்ளையின் பாடமும் புத்தகமும் தாயின் பொறுப்பு என்று எவரும் சொல்லாமலே ஏற்பட்டுவிடுகிறது. மகனையாவது விடுமுறை நாளில் சந்தைக்குக் கூட்டிச் செல்வார்கள். மகளுக்கு அதுவும் இல்லை.

உழைப்பவரின் களைப்பை அறியாமல் நாம் இதனை எழுதவில்லை. ஆயினும் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடு, பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று கூறியபோது, தாயை மட்டும் அது கருதவில்லை. நாளொன்றுக்குக் கால் மணி நேரம், ஒரு படப்புத்தகம், மடியில் ஒரு சிறுமி. இவ்வளவே நாம் தந்தையரிடம் கேட்பது.

“எனக்கே எழுத்துக் கூட்ட வராதே, நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?” என்று தயங்குவோர் உண்டு. இவர்களுக்கான விடை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அளிக்கப்பட்டுவிட்டது. மார்செய் நகர ஆயராயிருந்த செரேனுஸ், மக்கள் வணங்கிவிடுவார்களோ என்றஞ்சித் தம் கோவில்களிலிருந்த உருவங்களை உடைத்தெறிந்தார். கி.பி. 600ஆம் ஆண்டில் பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வணங்கவிடாமல் தடுத்தது சரியே. ஆனால் உடைத்தது தவறு என்றார். கற்றவருக்கு எழுத்து எதுவோ அதுவே கல்லாதவருக்குப் படம் என்பது அக்கடிதத்தின் கருத்து. எழுத்தறியாத தந்தையும் படத்தை வாசிக்கலாம். அவருக்கும் ஐந்து வயது மகளுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுபோலவே திறந்திருக்கிறது.

சிறுவருக்கென்றே படங்களோடு ஒரு பாடநூல் 1658ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் அச்சாயிற்று. ‘ஓர்பிஸ் பிக்துஸ்’, அதாவது ‘படங்களில் உலகம்’ எனப்படும் அந்நூலை இயற்றிய கொமேனியுஸ், மொராவிய சபை ஆயர், கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் குழந்தை மனத்தை அவர்போல் அறிந்தவர் அக்காலத்தில் அரியர். நெடுங்கணக்கை அவர் உயிரினங்களின் ஓசையிலிருந்து தொடங்கினார். முதற்படமே கரையும் காகம்! நம் வீட்டுக் கூரையில் வந்து அமரும் அதே காகம்.

காகத்தின் படம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மகள் அதைச் சுட்டிக் கேட்கிறாள் என்று வையுங்கள்:

“ஏப்பா, இந்தக் காக்கா ஏன் வாயைத் திறந்துட்டு இருக்குது?”

“நீயே சொல்லு கண்ணு, எதுக்குக் கூப்பிடுதுன்னு நினைக்கிறே?”

“சோறு கெடைச்சிருச்சு. எல்லாக் காக்காயும் வாங்கன்னு கூப்பிடுது.”

இவ்வளவுதான். இதில் தந்தை எதையும் கற்பிக்கவில்லை. கேட்டார், கேட்டதற்கு வந்த விடைக்குச் செவி சாய்த்தார். பங்கிட்டு உண்ணுதலைப் பற்றிய பாடம் பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிட்டது. படப்புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் “இது என்ன? அது என்ன?” என்று தேர்வு நடத்தும் தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். பள்ளியில் நடக்கும் தேர்வுகளே போதும்; மடியில் ஒன்று வேண்டாம்.

செவி சாய்த்த தந்தை ஒருவரைத் திருச்சபை பீடத்திலேயே ஏற்றியிருக்கிறது. புனித குழந்தை தெரேசம்மாளின் தந்தை லூயி மார்த்தேன், தொழிலால் கடிகாரம் செய்பவர். 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவருடைய மனைவி செலி இறந்தபோது கடைக்குட்டி தெரேசாவுக்கு நாலரை வயது. ஐந்து பெண்மக்களோடு அவர் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை இரண்டாம் மகள் போலின் ஏற்றுக்கொண்டாள். ஆனால் மாலைப்பொழுது தந்தையுடையது. நாள்தோறும் சிறுமியைக் கைப்பிடித்து உலாவ அழைத்துச் செல்வார். வழியில் ஏதாவது ஒரு கோவிலில் நற்கருணை நாதரைச் சந்திப்பார்கள். ஏழை எவரேனும் எதிர்ப்பட்டால் காசை மகளின் கையில் கொடுத்து அவளையே ஈயச் சொல்வார். அவர் ஆற்றில் தூண்டில் போடுகையில் அவள் புல்வெளியில் பூக்களின் நடுவே அமர்ந்திருப்பாள். இரவில் மூத்தவர்கள் திருவழிபாட்டு ஆண்டு பற்றிய நூலிலிருந்து சில பக்கங்களும் வேறொரு நல்ல புத்தகத்திலிருந்து சில பக்கங்களும் வாசிப்பார்கள். வாசிப்பு முடிந்ததும் தந்தை சின்னவளை மடியில் இருத்தி மெல்லப் பாடுவார். ‘சின்ன ராணி’ என்பது அவர் அவளுக்கு இட்ட பெயர்.

கோவிலில் மறையுரையின்போது அவிலா புனித தெரேசாவின் பெயர் வந்தால், “கவனி ராணி, உன் பாதுகாவலியைப் பற்றிப் பேசுகிறார்” என்ற பொருள்படக் காதோடு சொல்வாராம். சிறுமியோ பிரசங்கியாரைவிடத் தந்தையின் முகத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் எழுதுகிறாள். ஓரிரவு வீடு திரும்பும் வழியில் விண்மீன்கள் சில தன் பெயரின் முதலெழுத்தைப்போல் அமைந்திருக்கக் கண்டு, தன் பெயர் வானில் எழுதப்பட்டிருப்பதாகத் தந்தையிடம் காட்டினாள். கீழே பார்க்க மனமின்றி, வழிநடத்தும்படி அவரிடம் சொல்லிவிட்டு அண்ணாந்தபடியே நடந்தாள். ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் கூட்டத்து விண்மீன்களே அவை என்பர். மார்கழி, தை மாத இரவுகளில் ஆயக்குடி வானிலும் அவை தெளிவாகத் தெரியும். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டுமா?

வெளியூரில் வேலை செய்யும் தந்தையர் என்ன செய்வது என்ற கேள்வி எழும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றுள்ளவர்களை நினைத்தே இதைச் சொல்கிறோம். 1928ஆம் ஆண்டுக் கோடையில் ஜவஹர்லால் நேரு அலகாபாத்தில் இருந்தார்; பத்து வயது மகள் இந்திரா முசூரி மலையில். உலகம் தோன்றிய வரலாற்றைக் கடிதம் கடிதமாக அவர் எழுதி அனுப்பினார். மறு ஆண்டே அவை நூலாயின. இந்தியில் பெயர்த்தவர் பிரேம்சந்த். நேரு சமய நம்பிக்கையில் நம்மைப் போன்றவர் அல்லர். என்றாலும் அவருடைய முதற்கடிதத்தில் வரும் ஒரு கூழாங்கல்லை நம் வீட்டுக்கும் கொண்டுவரலாம். உருண்டையாய் வழவழப்பாய் இருக்கும் சிறு கல், முன்னொரு காலத்தில் பாறையின் முனை கூரிய துண்டாயிருந்து, நீரில் உருண்டு உருண்டு தேய்ந்த கதையைத் தானே சொல்கிறது. இயற்கை எனும் நூலை வாசிக்க அதன் எழுத்துகளைக் கற்க வேண்டும் என்கிறார் அவர். பழனி மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் படுகையில் இக்கற்கள் குவிந்து கிடக்கின்றன. வரதமாநதி அணையைப் பார்க்கப் போகும் குடும்பம் ஒன்றைப் பொறுக்கி வந்தால் படம் வேண்டாத புத்தகம் கிடைத்துவிட்டது. தொலைவில் உள்ள தந்தை தொலைபேசியில் “சாப்பிட்டாயா, படித்தாயா” என்பதோடு நிறுத்தாமல், “அந்தக் கல்லை என்ன செய்தாய்?” என்று கேட்கலாமே!

புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957ஆம் ஆண்டு புது தில்லியில் நிறுவிய சிறுவர் நூல் அறக்கட்டளை முதல், 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் வரை பலரும் படக்கதைகளைத் தந்துள்ளனர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கைப்பேசியிலேயே விலையின்றி வாசிக்கலாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் வழியாக ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நான்கு படிகளில் சிறு நூல்கள் வழங்கப்பட்டன. அவற்றின் பெயர்களே அழகு. கைப்பேசியில் வாசிப்பதானால் தந்தையின் கையில் அது இருக்கட்டும். குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்துவிட்டால் அது நாம் சொல்லும் வாசிப்பு ஆகாது. பழைய நாட்காட்டியிலுள்ள திருக்குடும்பப் படமும் ஒரு மாலைக்குப் போதும். சூசையப்பரின் கையில் இருப்பது உளியா, இழைப்புளியா என்று மகளைக் கேட்டுப் பாருங்கள்.

கொய்யாக்கூடையும் அப்படியே. காய் எது, செங்காய் எது, பழம் எது? அறுத்தால் ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. வெளித்தோலைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சந்தையில் தராசு ஏறி இறங்குவதைப் பார்த்தவள் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அஞ்சமாட்டாள். கொடைக்கானல் மலையில் நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, பின்னர் 2018இல் பூத்தது. “அடுத்தது எப்போது, அப்போது உனக்கு என்ன வயது?” என்று கேட்டால் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கிவிடுவாள். மகளையும் ஒரு நாள் சந்தைக்குக் கூட்டிச் செல்லுங்கள் என்று சொல்வதற்கே இதை இவ்வளவு விரித்தோம்.

ஏன் மகளைப் பற்றியே பேசுகிறோம்? ஐந்து வயதில் காகத்தைப் பற்றிக் கேட்பவள் பதினான்கு வயதில் வேறு கேள்விகளோடு வருவாள். மேற்கொண்டு படிக்கட்டுமா என்பாள். வழியில் தொந்தரவு தருபவனைப் பற்றிச் சொல்ல வருவாள். இந்தத் திருமணம் இப்போது வேண்டாம் என்பாள். அவற்றை யாரிடம் கொண்டுசெல்வது என்பதை அவள் பதினான்கு வயதில் முடிவு செய்வதில்லை. அது எப்போதோ, ஒரு மடியில், முடிவாகிவிட்டிருக்கும். அந்த மடி கிடைக்காதவள் தன் கேள்வியைத் தனக்குள்ளேயே புதைத்துக்கொள்கிறாள். அல்லது கேட்கத் தகாதவரிடம் கேட்கிறாள்.

தெரேசாவின் பதினான்காம் வயதில், 1887ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, அத்தகைய கேள்வி ஒன்று லூயி மார்த்தேனிடம் வந்தது. மூத்த மக்கள் இருவர் ஏற்கெனவே கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டிருந்தனர். மாலையில் தோட்டத்தில் அமர்ந்திருந்த தந்தையின் அருகில் கண்ணீரோடு வந்து உட்கார்ந்து, தானும் அங்கே செல்ல விரும்புவதாகச் சொன்னாள் சின்னவள். இத்தனை இளம் வயதிலா என்று அவர் கேட்டார். அவள் தன் எண்ணத்தை எடுத்துரைத்தாள், அவர் மறுக்கவில்லை. இருவரும் நெடுநேரம் நடந்தார்கள். தாழ்ந்த மதிற்சுவரில் பூத்திருந்த சிறு வெண்மலர் ஒன்றைக் காட்டி, ஆண்டவர் அதை எவ்வளவு கவனத்தோடு மலரச் செய்து அந்நாள்வரை காத்திருக்கிறார் என்று விளக்கி, அதைப் பறித்து அவள் கையில் கொடுத்தார். வேர் அறாமல் வந்திருந்தது அச்செடி. அவள் அதைத் தன் கிறிஸ்துநாதர் அனுசாரப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். எட்டு ஆண்டுகள் கழித்துத் தன் வரலாற்றை எழுதியபோதும் அது அப்புத்தகத்திலேயே இருந்தது. தண்டு மட்டும் வேரருகே முறிந்திருந்ததாக எழுதுகிறாள்.