கெமாஸ் வெயிலுக்கு எந்த ரோஜா?

கேமரன் மலைக்குப் போய்வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு ரோஜாத் தொட்டியோடுதான் திரும்புகின்றன. வாங்கும்போது செடி நிறையப் பூவும் மொட்டுமாக இருக்கும். நம் கெமாஸுக்கு வந்து முதல் சுற்றுப் பூ முடிந்ததும் அடி இலைகளில் கருப்புப் புள்ளி விழுகிறது. இலை மஞ்சளாகி உதிர்கிறது. அடுத்த பூ பாதி அளவில், வெளுத்த நிறத்தில் வருகிறது. சில மாதங்களில் தொட்டியில் முள்ளும் குச்சியும்தான் மிச்சம். "நம்ம கைக்கு ரோஜா வராது" என்று அந்தத் தொட்டியில் கற்பூரவல்லியை நட்டுவிடுகிறார்கள்.

கையில் குற்றமில்லை. அந்தச் செடி மலைக்கென்று வளர்ந்தது. கேமரன் மலை ஊர்களான பிரிஞ்சாங்கும் தானா ராத்தாவும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிரும் என்ற கணக்கில், கெமாஸுக்கும் அந்த மலைக்கும் 8, 9 டிகிரி வித்தியாசம் வருகிறது. பகல் வெயிலைக்கூட ரோஜா சமாளித்துவிடும். அதைக் களைக்க வைப்பது இரவு. பகலில் இலை செய்துவைத்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெக்கையோ அவ்வளவு செலவு. மலையில் மிஞ்சுகிற சர்க்கரை இதழாகிறது, தண்டாகிறது. இங்கே மிச்சம் குறைவு. வெட்டிய இடத்திலிருந்து அடுத்த பூ மலர மலையில் எடுக்கும் காலத்தைவிடக் கீழே நாளும் குறைவு. அவசரமாக மலர்கிற பூ சிறுத்துத்தான் இருக்கும். இதழுக்குச் சிவப்பும் ஊதாவும் தருகிற அந்தோசயனின் நிறமியும் சூட்டில் குறைவாகவே உருவாகும் என்பதால் நிறம் வெளுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. குளிர் நாடுகளில் ரோஜா பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிற நம் ஊரில் வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம். செடிக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. ஓய்வில்லாமல் பூப்பதைத் தாங்கும் இரத்தம் அந்தச் செடிக்கு உண்டா என்பதுதான் கேள்வி. நிறத்தையும் வாசனையையும் பார்ப்பதற்கு முன்னால் குலம் பார்த்து ரோஜா வாங்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் ஏறக்குறைய எல்லாமே வருஷத்துக்கு ஒரே ஒரு முறை, கோடையின் தொடக்கத்தில் பூப்பவை. மாதாமாதம் பூக்கும் குணம் சீனத்திலிருந்து போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 'ஓல்ட் பிளஷ்' முதலான சில சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அந்தக் குணத்துக்குக் காரணம் என்ன என்பது 2012இல்தான் தெளிவானது. பூப்பதை அடக்கி வைக்கிற கே.எஸ்.என். என்ற மரபணு இந்தச் சீனக் குலத்தில் கெட்டுப்போயிருக்கிறது. தடுப்பவர் இல்லாததால் ஒவ்வொரு புதுத் துளிரும் நுனியில் பூவோடு முடிகிறது. குளிர் வந்து எழுப்பவேண்டிய தேவையே இந்தச் செடிகளுக்கு இல்லை. இதே சீன ரோஜா, மணிப்பூர், பர்மா, யுன்னான் மலைகளில் மரமேறி வளர்கிற 'ரோசா ஜைகாண்டியா' என்ற பெரும்பூக் காட்டு ரோஜாவோடு கலந்து பிறந்தவை டீ ரோஜாக்கள். 1867இல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' முதல் ஹைபிரிட் டீ என்று பெயர் வாங்கியது. இன்று பூங்கொத்துகளில் நீளக் காம்போடு நிற்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

கரும்புள்ளி நோயின் கதையும் குலத்தோடு சேர்ந்தது. 1900இல் பெர்னே-டுஷே என்ற பிரெஞ்சு வளர்ப்பாளர் 'சொலே தோர்' என்ற ரோஜாவை வெளியிட்டார். பாரசீக மஞ்சள் ரோஜாவின் அடர்ந்த நிறத்தை முதன்முதலாக நவீன ரோஜாவுக்குள் கொண்டுவந்தது அதுதான். பாரசீக ரோஜா வறண்ட நாட்டுச் செடி. ஈரத்தில் வருகிற கரும்புள்ளிப் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் தேவை அதற்கு இருந்ததே இல்லை. நிறம் வந்த வழியிலேயே அந்தப் பலவீனமும் வந்தது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, இரண்டு நிறம் கலந்த வகைகளை நம் ஊரில் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பையும் வெள்ளையையும்விட அவற்றுக்கு இரண்டு மடங்கு கவனம் தேவைப்படும்.

அந்தப் பூஞ்சையின் வித்து இலைக்குள் இறங்க, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஹோஸ் பைப்பால் செடியின் தலையில் தண்ணீர் அடித்தால் இலை விடியும்வரை ஈரமாக இருக்கும். காலையில், வேரில் ஊற்றினால் பாதி நோய் நின்றுவிடும். நம் நெகிரி செம்பிலானின் உட்பகுதி, ஜெலுபுவைச் சுற்றிய பக்கம், மலேசியத் தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. மலைகள் இரண்டு பக்கத்து மழைக்காற்றையும் தடுத்துவிடுகின்றன. மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சாதகம் ரோஜா வளர்ப்பில் இந்தப் பக்கத்துக்கு உண்டு.

வெக்கை நாட்டுக்கென்றே ரோஜா உருவாக்க முடியுமா என்ற கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. எம். எஸ். வீரராகவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். 1980இல் பணியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் குடியேறினார். அவரும் மனைவி கிரிஜாவும் இரண்டு இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கையில் எடுத்தார்கள். ஒன்று மணிப்பூரில் 1882இல் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட் கண்ட ஜைகாண்டியா. மற்றொன்று வங்காளச் சமவெளியின் நீர்க்கரைகளில், வெள்ளத்தில் நின்றே வளர்கிற 'ரோசா கிளினோஃபில்லா'. ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் பனியைத் தாங்கும் ரோஜாவைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், சூட்டையும் சேற்றையும் தாங்கும் ரோஜாவைத் தேடியவர்கள் இவர்கள். ஜார்ஜ் வாட்டின் பெயரில் ஒரு ரோஜா, தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்து உலகறிந்த தாவரவியலாளரான ஜானகி அம்மாளின் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜா என்று அவர்கள் கலப்பினங்களின் பட்டியல் நீளமானது. இவற்றை நம் ஊர்ப் பூக்கடையில் கேட்டால் கிடைக்காது. ஆனாலும் எந்தத் திசையில் தேடவேண்டும் என்பதை அந்த வேலை காட்டிவிட்டது.

இனி, ஒரு ரோஜாச் செடி எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கலாம். தோட்டத்து ஜனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிய ஒருவராவது இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களிலும் இருப்பார். விதையில் முளைத்த கன்றின் அடியில் நெடுக இரண்டு கோடும் குறுக்கே ஒன்றும் கீறி, வழிகிற பாலைத் துடைத்துவிட்டு, பட்டையை மெல்லத் தூக்கி, நல்ல ரகத்தின் கண்ணை உள்ளே வைத்து மூடி, பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுவார்கள். மேலிருந்து கீழே சுற்றினால் மழைத்தண்ணீர் மடிப்புக்குள் இறங்கிவிடும். மூன்று வாரம் கழித்துப் பிரித்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பச்சை இருந்தால் பிடித்துவிட்டது. பிறகு ஒட்டுக்கு மேலே தாய்க்கன்றை வெட்டிவிடுவார்கள்.

ரோஜாவிலும் இதே வேலைதான். வேர் தரும் அடிச்செடியான கட்டை பென்சில் பருமன் இருந்தால் போதும். கீறல் 'டி' எழுத்து வடிவில் இருக்கும். பூத்து முடிந்த கிளையிலிருந்து ஒரு கண்ணை மெல்லிய பட்டையோடு கேடயம்போல் சீவி எடுத்து, இலையை மட்டும் வெட்டி, காம்பைச் சிறு கைப்பிடியாக விட்டுவைத்து, அந்தக் கீறலுக்குள் மேலிருந்து கீழே செருகவேண்டும். கண்ணை மூடாமல் நாடா சுற்றவேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் காம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் உதிர்ந்தால் கண் உயிரோடு இருக்கிறது. காய்ந்து ஒட்டிக்கொண்டே இருந்தால் கண் செத்துவிட்டது. கட்டையின் மறுபக்கத்தில் இன்னொரு கண் வைக்கலாம். பட்டை எளிதில் உரியும் நாளில்தான் இதைச் செய்யவேண்டும். மழைக்குப் பிறகு செடியில் சாறு ஓடும்போது பட்டை தானாகக் கழன்று வரும். வறட்சியில் வலிந்து உரித்தால் பட்டைக்கு அடியில் இருக்கிற வளர்படலம் கிழிந்துவிடும். இரண்டு செடியையும் இணைப்பது அந்தப் படலம் ஒன்றுதான்.

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று நட்ட ரப்பர் மரமெல்லாம் உடம்பால் ஒரே மரம்தான். அதேபோல உலகத்தில் எத்தனை 'பீஸ்' ரோஜா இருந்தாலும் பிரான்சில் மெய்யான் குடும்பத்தார் வளர்த்த ஒரே நாற்றின் கண்களிலிருந்து வந்தவை அவை. அதனால்தான் ரோஜாவை விதையிலிருந்து வளர்த்துப் பெயர் சொல்லி விற்க முடியாது. விதை போட்டால் தாயைப்போலப் பிள்ளை வராது. இணையக் கடைகளில் நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்று பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார்கள். ரோஜாக் குலத்தில் நீல நிறமியைச் செய்யும் வழியே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைப் புகுத்தி உருவாக்கி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'அப்ளாஸ்' ரோஜாகூடக் கண்ணுக்கு இளம் ஊதாவாகத்தான் தெரியும். அந்தப் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசை நல்ல ஒட்டுக்கன்று ஒன்றுக்குச் சேர்த்துவைக்கலாம்.

செடி வாங்கும்போது அடித்தண்டைப் பாருங்கள். முண்டுபோல் வீங்கியிருந்தால் ஒட்டுச்செடி. அது என்ன கட்டை என்று விற்பவரைக் கேளுங்கள். நீலகிரி, பெங்களூர்ப் பக்கம் பயன்படுபவற்றில் ஒன்று 'மல்டிஃபுளோரா' என்ற கிழக்காசியக் காட்டு ரோஜா. புளோரிடாவின் சூட்டிலும் மணலிலும் வேரைத் துளைக்கிற நூற்புழுவைச் சமாளிக்க 'ஃபார்ச்சூனியானா' என்ற சீனக் கட்டையை நம்புகிறார்கள். முண்டுக்குக் கீழிருந்து கிளம்பும் கிளையை அடியோடு பிய்த்து எறியவேண்டும். இரக்கம் காட்டினால் மேலே கட்டிய ரகத்தைக் கட்டை தின்றுவிடும். முண்டே இல்லாமல் சொந்த வேரில் நிற்கும் செடி முதல் வருஷம் மெதுவாக வளரும். பிறகு எது முளைத்தாலும் அதே ரகம்தான் என்பதால், வீட்டுத் தோட்டத்துக்கு நான் அதையே விரும்புவேன். சீன, டீ ரோஜாக்கள் சொந்த வேரில் சிரமமில்லாமல் வளர்பவை. 1834ஐச் சேர்ந்த சிவப்பு 'லூயி பிலிப்', 1857ஐச் சேர்ந்த இளஞ்சிவப்பு 'டச்சஸ் டி பிராபாண்ட்' இரண்டும் புளோரிடா போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள இடங்களில் தேறியவை. கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க ஆசைப்படுகிறவர்கள் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வாங்கவேண்டும். பொட்டலத்தில் வேறு பெயர் எழுதி வாங்குவது ஆபத்து. ஒரு இலையில் ஒட்டிவரும் பூஞ்சை ஒரு நாட்டின் பயிரையே அழிக்கும் என்பதை ரப்பரால் வாழ்ந்த நாம் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்கவேண்டும். அமேசான் காட்டில் ஹென்றி ஃபோர்டு போட்ட ரப்பர் தோட்டங்களை அழித்த தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இதுவரை மலேசியாவுக்குள் நுழையாமல் இருக்கிறதென்றால், அதற்கு அந்தக் கெடுபிடியும் ஒரு காரணம்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் செம்மண் புளிப்பு மண்; ரோஜாவுக்கு அமிலக் காரத்தன்மை 6க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் பிடிக்கும். செம்பனைக்குப் போடுகிற ஜி.எம்.எல். சுண்ணாம்பை நடுவதற்குச் சில வாரம் முன்னால் கொஞ்சம் கலந்துவிடுங்கள். எரித்த உமி, மக்கிய ஆட்டுச் சாணம், மேலே போர்வையாகக் காய்ந்த இலை. உரத்தை ஒரே நாளில் அள்ளிப் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிதாகப் போடலாம். காலை வெயில் முழுதாக விழுந்து, இரண்டு மணிக்குமேல் நிழல் வருகிற கிழக்குப் பக்கச் சுவர் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இலை ராத்திரியோடு ராத்திரியாகச் சல்லடையாகிவிட்டால் அது பழுப்பு வண்டின் வேலை. இருட்டிய பிறகு டார்ச் அடித்துக் கையாலேயே பொறுக்கிவிடலாம். வெட்டும்போது குளிர்நாட்டுப் புத்தகங்களில் சொல்வதுபோல் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடாதீர்கள். இங்கே இலைதான் செடியின் சேமிப்பு. மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக்கூடாது.

விலைக்கு வாங்காத ரோஜாக்களும் உண்டு. பழைய லயத்து வீடுகளின் வாசலில், கோயில் வேலி ஓரத்தில், பெயர் தெரியாத இளஞ்சிவப்பு ரோஜா ஒன்று யாரும் உரம் போடாமலே பூத்துக்கொண்டிருக்கும். சாமிக்கும் கூந்தலுக்கும் பறித்ததுபோக அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. பல பத்தாண்டு வெயிலையும் கரும்புள்ளியையும் தாண்டி நிற்கிற செடி அது. எந்த நர்சரியும் நடத்தாத பரீட்சையில் தேறியது. பெர்முடா தீவில் ரோஜாச் சங்கத்தார் இப்படிப் பழைய வீடுகளிலும் கல்லறைகளிலும் நின்ற பெயரற்ற ரோஜாக்களைத் தேடியெடுத்து, கிடைத்த இடத்தின் பெயரையே வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஜனங்கள் தாமான் வீடுகளுக்குப் போனபின் லயங்கள் இடிபடுகின்றன. இடிக்கிற இயந்திரம் செடியைப் பார்த்து ஒதுங்கப்போவதில்லை. போகிற வழியில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அங்கே இருப்பவர்களைக் கேட்டு, பூ முடிந்த கிளையில் ஒரு சாண் நீளத்துக்கு நாலு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, எரித்த உமியும் மணலும் கலந்த தொட்டியில் பாதிவரை புதைத்து, வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஐந்தாறு வாரத்தில் வேர் பிடிக்கும். முதலில் வருகிற மொட்டைக் கிள்ளிவிடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம் என்று தொட்டியில் எழுதிவையுங்கள்; அந்த ரோஜாவுக்கு வேறு பெயர் கிடைக்கும்வரை அதுவே பெயராக இருக்கட்டும்.