மோட்டார் சைக்கிள் டயர் அழுத்த உணரியின் மின்கலம்

மோட்டார் சைக்கிள் டயர் அழுத்த உணரி என்பது டயரிலுள்ள காற்றின் அழுத்தத்தை அளந்து, கம்பியின்றி ஓட்டுநருக்கு அறிவிக்கும் சிறிய மின்னணுக் கருவி ஆகும். சுழலும் சக்கரத்திற்கு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி இழுக்க இயலாது. ஆகவே ஒவ்வோர் உணரியும் தனக்கென ஒரு லித்தியம் மின்கலத்தைக் கொண்டுள்ளது. இம்மின்கலம் தீர்ந்தால் டயருக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் டயரில் காற்று இறங்கினாலும் எச்சரிக்கை வராது. இதுவே கவனிக்க வேண்டிய ஆபத்து.

வகைகள்

அமெரிக்காவில் 2007 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும் புதிய கார்களுக்கு டயர் அழுத்தக் கண்காணிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் மோட்டார் சைக்கிள்களுக்கு இது கட்டாயமன்று. எனினும் சில வண்டிகளில் விருப்பத் தேர்வாகக் கிடைக்கிறது. ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 2023இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 இதற்கு எடுத்துக்காட்டு.

உணரிகள் இரு வகைப்படும்.

1. உள் உணரி: டயருக்குள், வால்வின் அடியில் பொருத்தப்படுவது. மின்கலம் உள்ளேயே மூடி அடைக்கப்பட்டிருக்கும். பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும்.

2. மூடி உணரி: வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகப்படுவது. நாணய வடிவ மின்கலத்தைப் பயனரே மாற்றலாம். இதன் ஆயுள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே.

மின்கலம் தீரும் விதம்

உணரி பெரும்பாலான நேரம் உறங்கும் நிலையிலேயே இருக்கும். சக்கரம் சுழலும்போது விழித்து, அழுத்தத்தை அளந்து, வானலை வழியாக அனுப்பும். அனுப்பும் அந்தக் கணத்தில்தான் மின்கலத்திலிருந்து மிகுதியான மின்னோட்டம் எடுக்கப்படுகிறது.

டார்ச் விளக்கின் பழைய பேட்டரி சிறிது சிறிதாக வலுவிழக்கும். விளக்கும் மெல்ல மங்கும். லித்தியம் மின்கலம் அப்படியன்று. ஆயுளின் பெரும்பகுதியில் 3 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்று, முடிவில் விரைவாக இறங்கிவிடும். ஆகவே "மின்கலம் குறைவு" என்ற எச்சரிக்கை தோன்றும்போது எஞ்சியிருக்கும் காலம் குறைவே.

சமவெளியும் மலையும்

திண்டுக்கல் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. வத்தலகுண்டு வழியாகச் சென்றடையும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிரில் மின்கலத்தின் வேதிவினை மந்தமாகி, அக மின்தடை கூடுகிறது. புதிய மின்கலம் இதைத் தாங்கும். தேய்ந்த மின்கலத்தில், உணரி செய்தி அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

எனவே கொடைக்கானலில் இரவு தங்கிய வண்டியில் விடியற்காலையில் எச்சரிக்கை தோன்றி, சமவெளி வெயிலுக்கு இறங்கியதும் மறைந்துவிடக்கூடும். பழுது தானாகச் சரியானதாகக் கருதுவது தவறு. மின்கலம் முடிவை நெருங்குகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. மேலும், சமவெளியின் கோடை வெப்பம் மின்கலம் தானாகவே மின்னேற்றத்தை இழக்கும் வேகத்தையும் கூட்டுகிறது.

பிற அறிகுறிகள்

ஒரு சக்கரத்தின் அளவு மட்டும் விட்டுவிட்டு வருவதும், அளவுக்குப் பதில் கோடுகள் தோன்றுவதும் மற்ற அறிகுறிகள். திரையில் பழைய அளவே மாறாமல் நிற்பது மேலும் ஆபத்தானது. அதை நம்பி ஓட்ட நேரிடும்.

மாற்றும் முறை

மூடி உணரியில்:

1. கையேட்டில் கூறிய அளவு மின்கலத்தையே வாங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, சி.ஆர். 1632 என்பது 16 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் உடையது.
2. நேர்முனை, எதிர்முனை மாறாமல் பொருத்த வேண்டும்.
3. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.
4. உணரியைத் திருகிய பின் வால்வைச் சுற்றிச் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். மூடி உணரி வால்வின் ஊசியை அழுத்தியபடியே இருப்பதால், சரியாக இறுகாவிட்டால் அதன் வழியே காற்று கசியும். குமிழி வந்தால் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும்.
5. இரண்டு உணரிகளும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை எனில், இரண்டின் மின்கலங்களையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

உள் உணரியில் பொதுவாக முழு உணரியையே மாற்ற வேண்டும். அதற்கு டயரைக் கழற்ற வேண்டியிருப்பதால், டயர் மாற்றும் நாளிலேயே செய்தால் கூலி ஒரு முறையோடு முடியும். டயரைக் கழற்றுபவரிடம் உள்ளே உணரி இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையெனில் கடப்பாரை பட்டு உடையக்கூடும். புதிய உணரியின் அடையாள எண்ணைச் சேவை மையத்தில் வண்டியில் பதிவு செய்ய வேண்டும்.

மாற்றும் வரை

மின்கலம் மாற்றும் வரை திரையை நம்பாமல் கையளவியை நம்ப வேண்டும். ஓடாமல் குளிர்ந்திருக்கும் டயரில், பயணத்திற்கு முன் அழுத்தம் பார்க்க வேண்டும். 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைச் சாலை போன்ற இடங்களில் இது மிகவும் இன்றியமையாதது. வளைவில் வண்டி சாயும்போது காற்றுக் குறைந்த டயர் நெளிந்து பிடிமானத்தை இழக்கும். நான்கு சக்கர வண்டியைப் போலத் தாங்கிக்கொள்ள வேறு சக்கரங்கள் இல்லை.

பாதுகாப்பு

நாணய வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயில் கடும் புண் உண்டாகலாம். உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கழற்றிய மின்கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய மின்கலங்களை வீட்டுக் குப்பையுடன் கலக்காமல் தனியே சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.